என் கடல்நாகம் இனி கவிதாவிடம்

ஞாயிறு, ஐப்பசி 9

மாமா மகள் கவிதா சிதம்பரத்துக்குப் பஸ் ஏறும் முன் என் கடல்நாகத்தைக் கேட்டாள். போன் விளையாட்டில் அது அரச வகை. அதை மிஞ்ச எதுவும் இல்லை. நான்கு மாதம் முயன்று பிடித்தேன்.

“ஒரே வாரம் குடுடி. கிளாஸ் பசங்க வாயை அடைச்சிட்டுத் திருப்பி அனுப்பிடறேன்.”

அனுப்பும்போது திரையில் ஆங்கிலத்தில் ஏதோ நான்கு வரிகள் வந்தன. அவளிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஏழாவதோடு நின்றவள்தானே என்று நினைப்பாள். பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டேன்.

அதே வரிகள் அவள் போனிலும் வந்தன. படித்ததும் பதறினாள்.

“ஐயோ, அரச வகைய ஒருதடவதான் கைமாத்த முடியுமாம். இனிமே திருப்பித் தர முடியாதுடி. நீ படிக்கலியா?”

“படிச்சேன்” என்றேன்.

“தெரிஞ்சேவா எனக்குக் குடுத்த?” என்று கட்டிக்கொண்டாள்.

இனி அவளிடம் எப்படிச் சொல்வேன், எனக்கு அது புரியவே இல்லை என்று.