முளைக்காத சாமை

ஆனி 20, வெள்ளி

ஓரகத்தி மல்லிகா கொடுத்த விதைச் சாமையில் ஒரு பிடியை ஈரத்துணியில் கட்டி வைத்து நான்கு நாளாகிறது. ஒன்றுகூட முளைக்கவில்லை. சோற்றுக்கு அவித்துக் காயவைத்த சாமையை விதையென்று தந்திருக்கிறாள். அவித்தது எங்கே முளைக்கும்? நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"இன்னாக்கா, எங்க கொல்ல தரிசா கெடக்கணும்னு பாக்கறியா?"

"அதே வெதைதான் எங்க கொல்லையில மொளச்சிருக்கு. போய்ப் பாரு."

பார்த்தேன். அவர்கள் நிலம் பச்சைப்பசேலென்று இருந்தது. நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டாள் என்று இன்னும் எரிந்தது.

ராத்திரி சாமைச் சோறு குழைந்து கூழாகிவிட்டது. அவித்துக் குத்திய சாமை இப்படிக் குழையாது. சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம், "போன வாரம் மில்லுக்கு எந்த மூட்டைய எடுத்துனு போனீங்க?" என்றேன்.

"மூலையில கெடந்தத. இன்னா இப்போ?"

மூலையில் கிடந்தது மல்லிகா கொடுத்த விதை மூட்டை. மிச்சமிருந்தது சோற்றுக்கென்று நாங்கள் அவித்துக் காயவைத்த மூட்டை; அதில் கைவிட்டு, விதையென்று துணியில் கட்டியது நான்.

அவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.