இடக்கைத் தழும்பு

என் மகளின் தகப்பனுக்கு,

அடிமைக் காலத்தில் விற்றுப் பிரிக்கப்பட்டவர்களைத் தேடும் பத்திரிகை விளம்பரங்களை எங்கள் போதகர் மாதாமாதம் தேவாலயத்தில் படிப்பார். போன ஞாயிறு, "டெக்சாஸுக்கு விற்கப்பட்ட நான் என் மனைவியைத் தேடுகிறேன். இடக்கையில் சோப்புக் காய்ச்சும் கொப்பரை சுட்ட தழும்பு இருக்கும்" என்று படித்ததும் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டேன்.

நீங்கள் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். இருபத்திரண்டு வருடம் அதை நம்பியிருந்தேன்.

பக்கத்தில் ஆம்ப்ரோஸ் இருந்தார். என் கணவர். நல்ல மனிதர். தன் முதல் மனைவியைத் தேடி வருடாவருடம் விளம்பரம் கொடுப்பவர்.

வீட்டுக்கு நடக்கும்போது அவர்தான் பேச்செடுத்தார்.

"அந்தத் தழும்பு எனக்குத் தெரியாதா? பதில் எழுதிடு."

"என்னன்னு எழுத?"

"உசுரோட இருக்கேன்னு எழுது. எனக்கு அதைக்கூட யாரும் எழுதல."

உயிரோடு இருக்கிறேன். சோள ரொட்டியை இன்னும் ஓரம் கருகத்தான் சுடுகிறேன். இந்த வீட்டில் யாருக்கும் அது பிடிக்காது.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள், உங்களை விற்ற அன்று தொட்டிலில் கிடந்தவள். தனக்காக ஒரே ஒரு வார்த்தை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாள். எழுதிக்கொள் என்றேன்.

அப்பா.

இப்படிக்கு,
இடக்கையில் தழும்பு உள்ளவள்