மூக்குக் குழாயில் கட்டிய சிவப்பு நூல்

அனுப்புநர்:
கமர் ஜஹான், பி.எஸ்ஸி.,
க/பெ. சாந்த் பாஷா, மணிலாக் கொட்டை மண்டி,
பீரங்கிமேடு, செஞ்சி.

பெறுநர்:
மாவட்ட மருத்துவ அதிகாரி அவர்கள்,
தென்னார்க்காடு மாவட்டம், கடலூர்.

பொருள்: செஞ்சி, சங்கராபரணி சாலை மருத்துவமனை, குழந்தைகள் வார்டு – என் மகளின் மூக்குக் குழாய் நழுவாமல் காக்க, ஆடி அமாவாசைக்கு முன் உத்தரவு வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

ஊர் அடங்கிய நேரத்தில் உட்கார்ந்து ஓர் அதிகாரிக்கு மனு எழுதுவது முறையல்ல என்று அறிவேன், பொறுத்தருள வேண்டும். எழுத்து கோணலாக இருப்பதையும் மன்னிக்கவும். பகல் முழுவதும் குழந்தையின் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் பேனா எடுக்க இந்நேரம்தான் வாய்த்தது. காலை முதல் பஸ்ஸில் என் கணவர் இதைத் தங்களிடம் நேரில் சேர்ப்பார்.

1. என் மகள் ஜாஹிதாவுக்கு மூன்று வயது. தொண்டை அடைப்பான் கண்டு, ஊசி போட்டுப் பிழைத்தாள். ஆனால் தொண்டைத் தசை தளர்ந்துபோய், குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. ஆகவே டாக்டர் சுந்தரமூர்த்தி அவர்கள் மூக்கு வழியே இரைப்பை வரை ரப்பர் குழாய் இறக்கி, அதில் பால் ஊற்றச் சொன்னார். சில வாரங்களில் தொண்டை தானே தேறிவிடும், அதுவரை குழாய் இருந்த இடத்தில் இருந்தால் போதும் என்றார். இருந்த இடத்தில் இருந்தால் போதும். ஐயா, இரவும் பகலும் நான் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2. குழாயைக் கன்னத்தோடு பிடித்திருப்பது ஒரு துண்டு பிளாஸ்திரி. பழைய பிளாஸ்திரியின் பிசின் போக வார்டில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கிறார்கள். அந்த எண்ணெய்க் கன்னத்தின் மேலேயே புதியதை ஒட்டுகிறார்கள். வியர்வையும் சேர்ந்தால் அது எவ்வளவு நேரம் நிற்கும்? குழந்தை நல்ல நினைவோடு இருக்கிறாள். இரவில் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டிவிடுவதால், கன்னத்தைத் தோளில் தேய்த்துக் குழாயைத் தள்ளக் கற்றுக்கொண்டாள். "மூக்குல பூச்சிம்மா, எடுத்துடும்மா" என்று கெஞ்சுகிறாள்.

3. மாலை மணி அடித்ததும் தாய்மார்கள் வார்டை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. எனவே டாக்டர் குழாயை இறக்கிச் சரிபார்த்த அன்றே, மூக்குத் துவாரத்தின் விளிம்பில் குழாயைச் சுற்றிச் சிவப்புத் தையல் நூலை இறுக்கிக் கட்டினேன். நூல் மூக்கை ஒட்டி இருந்தால் குழாய் இடத்தில் இருக்கிறது. விலகி இருந்தால் வெளியே வந்துவிட்டது, பால் ஊற்றக் கூடாது. நர்ஸ் கமலாம்பாள் இதை ஏற்றுக்கொண்டார். நூலைப் பார்ப்பார், பிறகு சிரிஞ்சால் இழுத்து இரைப்பை நீர் வருகிறதா என்றும் பார்ப்பார், அதன் பிறகே ஊற்றுவார். அவர் இருந்த இரவுகளில் நானும் கொஞ்சம் தூங்கினேன்.

4. திங்கட்கிழமை மாலை மேற்பார்வையாளர் திரு. தங்கராசு வார்டுக்கு வந்தார். குழந்தைகள் மேலுள்ள அழுக்குத் தாயத்து, மந்திரித்த கயிறு எல்லாவற்றையும் அறுத்துவிடுவது அவர் வழக்கம். நல்ல வழக்கமே. ஜாஹிதாவை வார்டில் சேர்த்த அன்றே அவள் தாயத்தை நானே கழற்றிவிட்டேன். ஆனால் அவர் குழாயில் இருந்த நூலையும் கத்தரித்தார். "இன்னாம்மா, குழாய்க்குமா மந்திரிச்சிக் கட்டுவீங்க? காலேஜ் படிச்சவன்னு வேற சொல்லிக்கிற!" என்றார். பக்கத்துக் கட்டில்களில் சிரித்தார்கள். அது மந்திரமில்லை, அளவு என்று நான் விளக்கி முடிக்குமுன் மணி அடித்துவிட்டது. வாட்ச்மேன் வெளியே அனுப்பிவிட்டார்.

அன்றிரவு கமலாம்பாளைப் பிரசவ வார்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். பால் ஊற்றியவர் ஓர் உதவியாளர். குழாய் பாதி வெளியே வந்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? பால் மூச்சுக்குழலுக்குள் போய்க் குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. சத்தம் கேட்டுக் கமலாம்பாள் ஓடிவந்து, கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டியிராவிட்டால்... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை. இதைக் காலையில் அவரே என்னிடம் சொன்னார். "எனக்கு இருக்கிறது ரெண்டு கைதாம்மா" என்று அழுதார். குழாயை மறுபடி இறக்கியிருக்கிறார்கள். நூல் கட்ட அனுமதியில்லை. குழந்தையின் நெஞ்சில் இப்போது கர்கர் என்று சத்தம் கேட்கிறது.

5. கல்லூரியில் உணவுக்குழலும் மூச்சுக்குழலும் அருகருகே இருக்கும் படத்தை மதிப்பெண்ணுக்காக வரைந்து, பாகங்களைக் குறித்தேன். இப்போது கண்ணை மூடினால் அந்தப் படம்தான் வருகிறது. இன்னொரு முறை பால் உள்ளே போனால் குழந்தையின் நெஞ்சு தாங்காது.

6. வெள்ளிக்கிழமை ஆடி அமாவாசை. மேல்மலையனூர்க் கூட்டத்துக்காகப் போடும் மருத்துவ முகாமுக்கு இங்குள்ள இரண்டு நர்சுகளையும் அனுப்பப் போகிறார்களாம். அன்றிரவு குழந்தைகள் வார்டில் உதவியாளர் ஒருவர் மட்டுமே இருப்பார்.

ஆகையால் ஐயா, அன்றிரவு ஒரு நர்ஸ் வார்டிலேயே இருக்கவும், என்னைக் குழந்தையின் கட்டிலருகே இருக்க விடவும் உத்தரவிட வேண்டுகிறேன். ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்துகொள்வேன்; யாருக்கும் இடைஞ்சலாக இருக்க மாட்டேன். எண்ணெய் தடவிய கன்னத்தைச் சோப்பால் கழுவி, ஈரம் துடைத்த பிறகு பிளாஸ்திரி ஒட்டச் சொல்லுங்கள். சோதிக்காமல் ஒரு சொட்டுப் பாலும் ஊற்ற வேண்டாம். நூலைக் கட்ட அனுமதியுங்கள். என் மகளுக்கு மட்டும் கேட்கவில்லை. தொண்டூரிலிருந்து வந்த ஒரு கைக்குழந்தைக்கும் நேற்றுக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். அதன் தாய்க்கு இன்னும் எதுவும் தெரியாது.

யாரையும் தண்டிக்க நான் கேட்கவில்லை. திரு. தங்கராசு அவர்களும் குழந்தைகளின் நன்மைக்கென்றே அறுத்தார். அந்த நூலில் ஒரு துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். தாங்களே பிரித்துப் பார்க்கலாம். கடைத்தெருவில் வாங்கிய வெறும் தையல் நூல்.

என் கணவர் தங்கள் அலுவலக வாசலில் காத்திருப்பார். வெள்ளிக்கிழமை மாலை மணி அடிப்பதற்குள் அவர் செஞ்சிக்குத் திரும்பியாக வேண்டும். தயவுசெய்து பதிலைச் சீக்கிரம் அவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இடம்: செஞ்சி
நாள்: 5-8-1964

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
கமர் ஜஹான்

இணைப்பு: சிவப்பு நூல், ஒரு சாண்.