மூக்கைக் கட்டிய காவல்

மார்கழி 11, காலை 7.10
நான் தீக்காவல். மலைமேல் இருக்கும் இந்த ஒற்றை அறை வீட்டின் சுவரில் மாட்டிய, சின்னத் திரை வைத்த கருவி. புகை, விஷவாயு, சூடு எதுவானாலும் கவனித்து, ஆபத்தென்றால் கத்துவது என் வேலை. வெளியே மைனஸ் ஒன்பது. வானத்தைத் தூசி மூடியபின் இது மூன்றாவது குளிர்காலம். வீட்டில் சகாயம், அவர் மனைவி அமலோற்பவம், ஐந்து வயது மகள் ஜெனி. ஹீட்டர் மேல் ஈரத்துணி காயப் போட்டிருந்தார்கள். சொன்னேன், எடுத்துவிட்டார்கள். சொன்ன பேச்சைக் கேட்கும் குடும்பம். எனக்குத் திருப்தி.

மார்கழி 11, பகல் 12.40
திருப்தி ஒரு வேளைக்குத்தான். ரசம் தாளித்தார்கள். எண்ணெயில் விழுந்த மிளகாய் வற்றல் நெடி மூக்கில் ஏற, கத்தினேன். தினமும் இதே கூத்து. என்னைச் செய்த புண்ணியவான்கள் மிளகாய் வற்றலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சகாயம் ஸ்டூலில் ஏறினார்.

"தாளிச்சா ஒப்பாரி, அப்பளம் சுட்டா ஒப்பாரி. இரு, உன் வாயப் பொத்துறேன்."

பொத்தியது வாயை அல்ல, மூக்கை. பாலிதீன் பை, மேலே ரப்பர் பேண்ட். இனி எனக்குக் காதும் வாயும் சூட்டுமானியும்தான்.

மார்கழி 12, காலை 10.05
பனிப்புயல். மின்சாரம் போய்விட்டது. பேட்டரியில் ஓடுகிறேன். அறைக்குள் மூன்று டிகிரி. ஜெனியின் பற்கள் தந்தியடிப்பது கேட்கிறது. அடுக்கடுக்காக உடுத்துங்கள், ஒரே போர்வைக்குள் சேர்ந்து உட்காருங்கள் என்றேன். செய்தார்கள்.

மார்கழி 12, பகல் 12.20
சட்டியில் கரித்தணல். பேச்சிலிருந்து தெரிந்தது: வாசலில் மூட்டி, புகை அடங்கியதும் உள்ளே தூக்கி வந்துவிட்டார்கள். "புகையே இல்ல பாரு, பயப்படாத" என்று சகாயம் எனக்கே தைரியம் சொல்கிறார். ஜன்னல் இடுக்குகளில் செருகப் பழைய வேட்டியைக் கிழிக்கும் சத்தம் கேட்கிறது.

புகையில்லாத தணல்தான் ஆளைக் கொல்லும். அதன் வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு மூக்கு வைத்தார்கள். "தணலை வெளியே வையுங்கள், ஜன்னலைத் திறங்கள்" என்றேன்.

"தெறந்தா புள்ள வெறச்சுப் போயிரும். உனக்கென்ன, சொவத்துல தொங்கிக்கிட்டு சொல்லுவ" என்றார் அமலோற்பவம்.

அவர் பயமும் நியாயம்தான். அதுதான் என்னைப் படுத்துகிறது.

மார்கழி 12, பகல் 1.30
பதினாறு டிகிரி. ஜெனி சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் குரல் மாறியது.

"அம்மா, தல வலிக்குது."

"பசி வலிடி கண்ணு. சித்த படு."

பசி இல்லை. பையைக் கழற்றுங்கள், ஒரே நிமிடம் என்று கெஞ்சினேன். "கழட்டுனா கத்துவ" என்றார் சகாயம். அவர் நாக்கு குழறுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்கழி 12, பகல் 2.05
ஜெனி வாந்தி எடுத்தாள். யாரும் துடைக்கவில்லை. முழுச் சத்தத்தில் கத்துகிறேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஆனால் அவர்கள் வீட்டுக் கருவியும் தாளிப்புக்குத் தினமும் கத்துகிறது. யாரும் வரவில்லை.

பகல் 2.20
அமலோற்பவம் எழுந்துவிட்டார். நல்லது. காலடிச் சத்தம் தடுமாறுகிறது. கதவுக்குப் போங்கள் அம்மா. கதவு. ஸ்டூல் இழுபடும் சத்தம். இங்கே வேண்டாம், கதவுக்கு.

"மண்ட வெடிக்குது... செத்த நேரம் சும்மா இரு ராசா."

கோபமே இல்லாமல் சொல்கிறார். பேட்டரி மூடியைத் திருகுகிறார். அம்மா, வேண்

2.22
பேட்டரி இல்லை. வாய் போய்விட்டது. உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் இந்தத் திரையில் நாலு வரி எழுதக் காணும். கீழே மூச்சுச் சத்தம் கேட்கிறது. ரொம்ப மெதுவாக. மூன்றும் கேட்டன. இப்போது இரண்டுதான் கேட்கிறது. இல்லை, என் காது மங்குகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

உள்ளே வந்தவர் யாரானாலும் இதைப் படித்துக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் ஜன்னலைத் திற