பாங்காக்கிலிருந்து, நெட் இல்லாத சகைங்குக்கு

அம்மா,

செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்குத்தான் எனக்குச் சேதி வந்தது. நம் ஊர்ப் பக்கம் போய்வரும் லாரிக்காரர் ஊ டின் நேரில் வந்து சொன்னார். "நைங், உன் பொண்டாட்டி பிரசவத்துல போயிட்டாப்பா. ஒன்பது நாளாச்சு. ராணுவத்துக்காரன் நெட்டு, போனு எல்லாத்தையும் வெட்டிட்டான், யாரு சொல்லுவா?"

உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? குழந்தை பால் குடிக்கிறதா? ஊ டினிடம் இந்தக் கடிதத்தோடு பால்பவுடரும் கொடுத்து அனுப்புகிறேன்.

ஏழாம் நாள் நீங்கள் பிக்குகளுக்குச் சோறு போட்டு அவளை வழியனுப்பியபோது, நான் இங்கே வேலை பார்க்கும் செல்போன் டவர் மேல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று நம் மியான்மர் தூதரக வாசலில் 'நெட்டைத் திற' என்று அட்டை பிடித்து நின்றோம். பயப்படாதீர்கள், தள்ளுமுள்ளில் செருப்பு மட்டும்தான் போனது. பக்கத்தில் நின்ற பெண், "டவர் வேலை பாக்குறீங்களேண்ணே, நீங்களே திறந்து விடுங்களேன்" என்று கிண்டலடித்தாள். நானும் சிரித்தேன்.

அம்மா, பிரசவ வலி வந்ததும் சூ மோன் எனக்கு எழுதியிருப்பாள். அதெல்லாம் அவள் போனிலேயே நிற்கும். நெட் வந்தால் எனக்கு வரும். சோலாரில் தினமும் அதற்குச் சார்ஜ் போடுங்கள், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

நாளைக்கும் போய்க் கத்துவேன். ஆனால் அறைக்குத் திரும்பினால், இன்றைக்கே திறந்துவிட்டால் அவள் எழுதியதை எப்படிப் படிப்பேன் என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஊ டின் கிளம்புகிறார். என் போனை அணைத்துவிட்டேன்.