குழி வைத்த கட்டை

2 ஆகஸ்ட் 1983, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் அப்பாவிடம். காலில் விழுகிறேன்.

பத்தாம் வகுப்பிலிருந்து ஒரே ஒரு பொருள்தான் அரியலூர் கண்காட்சிக்குப் போகும், சொந்தமாக யோசித்துச் செய்ததாக இருக்க வேண்டும் என்று சிங்காரவேலு சார் சொல்லியிருந்தார். நான் மடக்குகிற புத்தக ஸ்டாண்டு வரைந்தேன். அப்பா ஆசாரியிடம் சொல்லி வார்னிஷ் அடித்தே வாங்கித் தந்தார். இன்று மேஜையில் பளபளவென்று நின்றது. பக்கத்தில் அம்சவள்ளி ஒரு வேப்பங்கட்டையை வைத்தாள். மேலே சாய்வாக ஒரு குழி. அவ்வளவுதான்.

சார் என் ஸ்டாண்டைத் தூக்கிப் பார்த்து, "இது யாருக்கும்மா?" என்றார். எல்லாருக்கும் சார் என்றேன். கீழே வைத்துவிட்டார். அந்தக் கட்டையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கம்மா முந்திரி ஒடைக்கிறாங்க சார். கொட்டைய வெரலால புடிச்சுக்கிட்டு அடிக்கையிலதான் எண்ணெய் தெறிச்சு வெந்து போவுது. குழியில நின்னுடுச்சுன்னா கை ஒதுங்கிக்கும்" என்றாள் அம்சவள்ளி.

வேம்பு என்கிற அவள் அம்மா கொட்டை உடைப்பது ஜெயங்கொண்டத்தில் எங்கள் அப்பாவின் முந்திரி ஷெட்டில்தான். அந்தக் கைகளை நானும் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை?

4 ஆகஸ்ட்

அம்சவள்ளிக்குக் கணக்குப் பரீட்சையில் மார்க் குறைவு. அதில் எனக்கு ஒரு சந்தோஷம். சீ.

7 ஆகஸ்ட், ஞாயிறு

ஷெட்டுக்கு லீவு. சாவியை எடுத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் போனேன். வறுத்த கொட்டை இருபது எடுத்துக்கொண்டு வேம்பு உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து உடைத்தேன். மூன்றாவதிலேயே கட்டைவிரலில் அடி. பன்னிரண்டாவதில் எண்ணெய் தெறித்தது. அழுதேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி — இனி எனக்கும் யோசனை வரும்.

வீட்டுக்கு வந்து நாலு தாள் வரைந்தேன். எதை வரைந்தாலும் அவள் குழிதான் வருகிறது. சாய்வுகூட அதே சாய்வு. ஒரு காலை மடக்கி உட்கார்ந்தால் கை அந்தப் பக்கமாகத்தான் இறங்குகிறது, இன்றைக்குத்தான் தெரிந்தது. ஏழு வயதிலிருந்து லீவு நாளெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தவளுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கும். அவள் விரல் காய்ப்பின் மேல்கூட எனக்குப் பொறாமையாக இருக்கிறது. யாராவது இதற்குப் பொறாமைப்படுவார்களா?

8 ஆகஸ்ட், திங்கள்

சார் அவள் கட்டையைத்தான் தேர்ந்தெடுத்தார்.

வெளியே வரும்போது அவள் என் விரல்களைப் பார்த்துவிட்டாள். "எண்ணெய்யா பட்டுச்சு? கிள்ளி வுட்டுடாத, சீழ் புடிச்சுக்கும்" என்றாள். எப்படிப் பட்டது என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

9 ஆகஸ்ட்

சாப்பிடும்போது அப்பாவும் பார்த்துவிட்டார். ஷெட்டைத் திறந்தது தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். பயத்தில், அம்சவள்ளி பள்ளிக்கூடத்துக்குக் கொட்டை கொண்டுவந்தாள், தொட்டுப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.

"அவளுக்கு ஏது கொட்டை?" என்றார்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். குப்பையில் கொட்டுகிற சொத்தைக் கொட்டையை வைத்துத்தான் அவள் தன் கட்டையைச் சோதித்துப் பார்த்தாள். எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

10 ஆகஸ்ட், புதன்

வேம்புவை ஷெட் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். "திருட்டுக் கை இங்க வேணாம்" என்றாராம் அப்பா. அம்சவள்ளி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. கட்டையும் அவளிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் உன் ஸ்டாண்டுதான் அரியலூர் போகும் என்றார் சார்.

கேட்டது கிடைத்துவிட்டது.

12 ஆகஸ்ட், வெள்ளி

அவள் வரவில்லை. நாளைக் காலை பஸ்ஸில் என் ஸ்டாண்டு போகிறது.

இன்று எங்கள் ஷெட்டுக்கு ஆறு பேர் வேலைக்கு வரவில்லை. வேம்பு பெரியசாமி ஷெட்டில் சேர்ந்துவிட்டாளாம். அங்கே எல்லாருக்கும் அம்சவள்ளியே கட்டை செதுக்கிக் கொடுக்கிறாளாம், இந்த ஆறு பேரும் அதற்காகவே அங்கே போய்விட்டார்களாம். அம்மா சொன்னாள். எனக்கு ஒரு சர்டிபிகேட் கிடைக்கலாம். அவள் செய்ததை வைத்து இத்தனை பேர் உடைக்கிறார்கள். இப்போதும் வயிறு எரிகிறது. பொய் எழுத மாட்டேன்.

ராத்திரி அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "காலைல ஆசாரி வராரு. அந்தக் கட்டை எப்புடி இருக்கும்னு வரஞ்சு வையி தாயி, நம்ம ஷெட்டுக்கும் செஞ்சுக்கலாம். எம் பொண்ணு பண்ணுனதுன்னு சொல்லிட்டுப் போறேன்" என்று தலையைத் தடவினார். ஸ்டாண்டு செய்தபோதுகூட இப்படித் தடவியதில்லை.

வரைந்துவிட்டேன். குழியின் ஆழம், சாய்வு, எல்லாம் கைக்கே தெரிகிறது. கீழே பென்சிலில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். கமலவேணி. அழகாகத்தான் இருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழித்துவிட்டேன். பேனாவை எடுத்து, யோசனை அம்சவள்ளி, பத்தாம் வகுப்பு என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு வரி: ஷெட்டில் கொட்டை எடுத்தது நான்.

பேனாவில் எழுதியதை இனி அழிக்க முடியாது. படம் வரைகிற தாளும் வேறு இல்லை. அப்பா என்ன செய்வார்? அடிப்பாரா? படிப்பை நிறுத்திவிடுவாரா?

செருப்புச் சத்தம். அப்பாதான். கதவைத் தட்டுகிறார். படத்தைத்தான் கேட்கப்போகிறார். மை இன்னும் காய—