இடிபாட்டுக்குள் கேட்ட பெயர்

தாயில்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த பழைய மாடி வீட்டை இன்று இடித்துக்கொண்டிருந்தார்கள். தூசி அடங்கட்டும் என்று ஒருவர் குழாய் வைத்துத் தண்ணீர் பீய்ச்சினார். நனைந்த சிமெண்டும் உடைந்த செங்கல்லும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பால் வாங்கப் போனவன் வெறும் தூக்குவாளியோடு வீடு திரும்பிவிட்டேன். உனக்கு எழுதினால் தேவலை என்று தோன்றியது.

அந்த வாசனை வந்தால் நம் இருவருக்கும் அந்த மலைநாடுதான் நினைவுக்கு வரும். ஒரே தெருவில் பிறந்து, பட்டாசு கம்பெனி வேனில் ஒன்றாக ஏறிப் போகும் இரண்டு அம்மாக்களுக்கு மகன்களாக வளர்ந்து, ஒரே நாளில் துணை ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் மைதானத்தில் ஓடித் தேறியவர்கள் நாம். பிறகு பேரிடர் மீட்புப் படைக்கும் சேர்ந்தேதான் மாற்றலானோம். நீ கான்கிரீட் அறுக்கிறவன். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்பதால், மற்ற நாட்டு அணிகளோடு பேசுகிற வேலை என் தலையில் விழுந்தது.

அந்த நாட்டில் நிலம் குலுங்கிய மறுநாளே நம் விமானம் போய் இறங்கியது. விமான நிலையத்தில் இறங்கிய நாடுகளின் கொடிகளை எண்ணப் பார்த்து நீ பாதியில் விட்டுவிட்டாய். ஊருக்கு நடுவே ஒரு பெரிய கூடாரம் போட்டு, நகரத்தின் வரைபடத்தை வண்ணம் வண்ணமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எந்தத் தெரு எந்த நாட்டு அணிக்கு, எந்தக் கட்டடத்தைப் பார்த்து முடித்தாயிற்று, எங்கே மருத்துவர், எங்கே கிரேன் என்பதெல்லாம் தினமும் காலையில் அங்கேதான் முடிவாகும். நான் அந்தக் கூட்டத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் நீ சிரிப்பாய்.

"போலே, போய்க் கூட்டத்துல உக்காந்து டீயக் குடிச்சிட்டு வா. அதுக்குள்ள நாங்க நாலு செவத்த அறுத்துருவோம்."

உனக்குக் கூட்டம் பிடிக்காது. ஆனால் விசிலை மதித்தாய். நீளமாக ஒன்று ஊதினால் எல்லாரும் இயந்திரத்தை நிறுத்தி மூச்சடக்கிக் கேட்க வேண்டும். குட்டையாக மூன்று ஊதினால் எதைச் செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு வெளியேற வேண்டும். எல்லா நாட்டு அணிகளுக்கும் அது ஒன்றுதான். நீள விசில் கேட்டதும் அந்தத் தெரு முழுக்க ஒரே நொடியில் அடங்கிப்போனதை முதன்முதலாகப் பார்த்தபோது, "இம்புட்டுப் பேரு ஒண்ணாச் சும்மா இருந்து நான் பாத்ததே இல்லலே" என்று என் காதில் சொன்னாய்.

சரிவில் மடங்கிக் கிடந்த அந்தக் குடியிருப்பின் முன்பக்கம் நம்முடையது. பின்பக்கத் தெரு வேறொரு நாட்டு அணிக்கு. அவர்கள் பின்பக்கத்தைத் தேடி, உயிர்க்குறி இல்லை என்று சுவரில் ஆரஞ்சுச் சாயத்தால் குறியிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முன்பக்கம் நீ குடைந்துகொண்டே போனாய். இடுப்புக் கயிறு மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது. பிறகு நின்றது. உன் குரல் வாக்கி-டாக்கியில் வந்தது. "ஒரு அம்மா இருக்கு. கை கெடைச்சிருச்சு. பிடிச்சிருக்கேன்."

அவள் இடுப்புக்குக் கீழே தூண் விழுந்து கிடந்தது. நம் மருத்துவர் உன் பின்னால் ஊர்ந்து வந்து, எட்டிய கையில் ஊசி ஏற்றிவிட்டுப் போனார். நீ மட்டும் அங்கேயே படுத்திருந்தாய். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். உனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நீ தமிழில் பதில் சொன்னாய். வாக்கி-டாக்கியில் எங்களுக்குக் கேட்டது. "இந்தா, ஆள் வந்துருச்சும்மா. தூக்கிருவோம். பேசிக்கிட்டே இரு."

அப்போதுதான் நிலம் மறுபடி குலுங்கியது. மூன்று குட்டை விசில். நீ உடனே வரவில்லை. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் இழுத்தார்கள், பிறகு நீயும் ஊர்ந்தாய். நீ வெளியே வந்து விழுந்த சிறிது நேரத்தில் அந்தச் சுரங்கம் உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் எவ்வளவு காது வைத்துக் கேட்டும் அவள் குரல் வரவில்லை.

நீ அழவில்லை. மண் அப்பிய முகத்தோடு உட்கார்ந்து வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தாய். குழம்பிவிட்டாயோ என்று பயந்து தோளைத் தொட்டேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"ஏலே மாரி, பேசாத. பேசுனா மறந்துரும். அவ ஒண்ணையேதான் திரும்பத் திரும்பச் சொன்னா. நடுவுல மீனா மீனான்னு வருது. அது பேருலே, நம்மூருப் பேரு மாதிரி ஒரு பேரு. அந்தப் பாஷை தெரிஞ்ச ஆளக் கூட்டியா."

மொழிபெயர்ப்புக்கு வந்திருந்த உள்ளூர்க் கல்லூரி மாணவி கூடாரத்தில் இருந்தாள். நாம் இருவரும் ஓடினோம். ஓடும்போதும் உன் வாய் அந்த ஒலிகளை விடவில்லை. மூச்சிரைக்க அவள் முன் நின்று சொன்னாய். அவள் புருவத்தைச் சுருக்கி, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னாய். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள்: 'என் குழந்தை மீனா குளியலறையில் இருக்கிறாள்.'

குளியலறை கட்டடத்தின் பின்பக்கம். அது நம் எல்லை இல்லை. பார்த்து முடித்தாயிற்று என்று வரைபடத்தில் குறித்த இடம் வேறு. அந்த அணியின் தலைவி, நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய அம்மா, கூடாரத்தில்தான் இருந்தார். 'உங்கள் ஆட்கள் தேடிய இடத்தில் குழந்தை இருக்கிறது' என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அந்த மாணவி அதற்குள் சொல்லிவிட்டாள். தலைவி உன்னை ஒரு கணம் பார்த்தார். தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு நடந்தார்.

அவர்களிடம் குழாய் போன்ற மெல்லிய கேமரா இருந்தது. மூன்றாவது ஒரு நாட்டுக்காரர்கள் முட்டுக்கொடுக்க மரம் கொண்டுவந்தார்கள். அறுக்கிறவர்கள் நம் ஆட்கள். யாருக்கும் யார் பேச்சும் புரியவில்லை. கையைக் காட்டினால் போதுமாக இருந்தது. இவ்வளவு நேரம் உள்ளே கிடந்தது போதும் என்று மருத்துவர் உன்னை மறுபடி உள்ளே விடவில்லை. கல்லை வாளியில் கைமாற்றும் வரிசையில் நின்றாய். கேமராவில் ஒரு சிறிய பாதம் அசைந்தது தெரிந்தபோது அந்தத் தலைவிதான் முதலில் அழுதார்.

பொழுது சாய்கிற நேரத்தில் மீனாவை வெளியே எடுத்தார்கள். உடைந்த குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர் அவளைக் காப்பாற்றியிருந்தது. வெள்ளிநிறப் போர்வையில் சுற்றி உன்னைக் கடந்துதான் கொண்டுபோனார்கள். "மீனா" என்று மெல்லக் கூப்பிட்டாய். அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நீ வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டாய். தேடி வந்தேன்.

"அதோட ஆத்தா கைய விட்டுட்டு வந்த கைலே இது. அது மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"விசில் ஊதிட்டாங்க. வந்துதானே ஆகணும்."

"ஊதுனது சரிதான். நான் வந்ததும் சரிதான். அதுக்காவ நெஞ்சு கேக்குதா?"

நீ விட்டுவிட்டு வந்திருக்காவிட்டால் அந்தச் சொற்களும் அங்கேயே புதைந்திருக்கும் என்று உனக்குச் சொல்லத் தோன்றியது. அது ஆறுதலாக இருக்குமா என்று தெரியாமல் உன் பக்கத்தில் உட்கார்ந்து மட்டும் இருந்தேன்.

ஊர் திரும்பிய பிறகு ஆண்டுதோறும் அந்த நாள் வந்ததும் மீனாவின் சித்தி ஒரு வீடியோ அனுப்புவார். மாணவி அதை மொழிபெயர்த்து என் போனுக்கு அனுப்புவாள். மீனா பள்ளிக்கூடம் போகிறாள். மீனாவுக்குப் பல் விழுந்துவிட்டது. நீ ஒருமுறைக்கு மேல் எதையும் பார்க்கமாட்டாய். ஆனால் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பிப்பாய். உங்கள் வீட்டில் மீனா சொந்தக்காரப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள்.

இந்த ஆண்டு ஊர்ப் பொங்கலுக்கு உனக்கு விடுப்பு கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. நான் முகாமில் இருந்தேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த ஒரு பட்டாசு கம்பெனியில் வெடித்திருக்கிறது. கோயில் வாசலில் நின்றவன் புகையைப் பார்த்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். இரண்டு பெண்களைத் தூக்கி வந்து வெளியே கிடத்தினாய். அவர்களில் ஒருவரான பேச்சியம்மாள் பிறகு என்னிடம் சொன்னார்.

"எல்லாரும் தள்ளிப் போங்க, அடுத்த ரூம்புல கலந்த வெடிமருந்து கெடக்குன்னு உங்க சேக்காளி தொண்ட கிழியக் கத்துனாகய்யா. வேடிக்கை பாக்க வந்தவக ஒருத்தரும் போகல. போனத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு முன்னாலதான் வந்தாக. அவுகளத் தள்ளிவிட்டுட்டு, இன்னொரு பிள்ள உள்ள இருக்குன்னு மறுபடியும் போனாக. அதுக்குள்ள அந்த மருந்தும் வெடிச்சிருச்சு. அம்புட்டுத்தான்."

வேடிக்கை பார்க்க வந்த பைக்குகள் வண்டிப்பாதையை அடைத்துவிட்டதால் ஆம்புலன்ஸ் தார்ரோட்டிலேயே நின்றுவிட்டதாம். உன்னைக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதுதான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. அங்கே ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாதவர்கள் ஒரு விசிலுக்கு அடங்கி நின்றார்கள். இங்கே நம் ஆட்களிடம் நம் பேச்சில்தான் கத்தினாய்.

நான் வந்து சேர்ந்தபோது தீக்காயப் பிரிவில் உன் கட்டில் காலியாகியிருந்தது.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும் கூட்டத்தில் ஒன்றை மட்டும் விடாமல் கேட்கிறேன். பாஷை தெரிந்தவரைக் கூடாரத்தில் உட்காரவைக்காதீர்கள், குடைகிற இடத்தின் வாசலில் நிறுத்துங்கள் என்கிறேன். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு உன்னைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே தீயணைப்பு நிலையத்தாரோடும் கம்பெனி போர்மேன்களோடும் பேசி, வண்டிப்பாதையை யார் காப்பது, ஜனத்தை யார் தடுப்பது என்று பழகிப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன். முதல் ஒத்திகைக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். மறுபடியும் கூப்பிட்டிருக்கிறேன்.

மீனாவின் சித்திக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுதினேன். போன வாரம் அவர்களே வீடியோவில் கூப்பிட்டார்கள். போனை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடினேன். உன் அம்மா அப்போதுதான் வேனிலிருந்து இறங்கி, கையில் ஒட்டிய பட்டாசு மருந்தைச் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக்கையோடு வந்து திரையைப் பார்த்தார்.

"வளந்துட்டாளே. சாப்ட்டாளான்னு கேளுய்யா."

நான் ஆங்கிலத்தில் கேட்டேன், மாணவி அவர்கள் பாஷையில் கேட்டாள். சாப்பிட்டுவிட்டாளாம். பிறகு மீனா ஏதோ கேட்டாள். மாணவி தயங்கித்தான் சொன்னாள்: "தன் அம்மாவின் கையை அவர் பிடித்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் அவருடைய கையை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்கிறாள்."

உன் அம்மாவிடம் அதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கையெல்லாம் கட்டுப் போட்டிருந்தாக தாயி. கால்ல மட்டுந்தான் கட்டு இல்ல. நான் பாதத்தப் பிடிச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன். கடைசி வரைக்கும் விடல."

அது எனக்கும் அன்றுதான் தெரியும்.

நான் ஆங்கிலத்தில் சொல்ல, மாணவி அதை மீனாவிடம் சொன்னாள். மீனா, அவருக்கு வலித்ததா என்று கேட்டாள். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் உன் அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இல்லன்னு சொல்லுய்யா."

சொன்னேன். எத்தனையோ நாட்டுக் கூடாரங்களில், எத்தனையோ பேர் சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தப் பக்கம் கொடுத்திருக்கிறேன். கொடுத்ததும் அது என்னை விட்டுப் போய்விடும். அந்த 'இல்லை' மட்டும் போகவில்லை.